பங்கு கேட்டு வழக்குப் போட எவ்வளவு கட்டணம்?

பாகப்பிரிவினை பற்றி விசாரிக்க நம் அலுவலகம் வரும் சகோதரிகள் சிலர், "நூற்றுக்கு ஏழரை ரூபாய் கோர்ட்டுக்குக் கட்டணுமாமே" என்று பயந்து பங்கையே விட்டுவிடுகிறார்கள். அந்த ஏழரை 2017-இல் மூன்றாகக் குறைந்துவிட்டது. பத்து லட்ச ரூபாய்ப் பங்குக்கு 75,000 என்றிருந்தது இப்போது 30,000. அதுவும் எல்லாருக்கும் இல்லை, கீழே சொல்கிறேன்.

உச்ச நீதிமன்றம் நீங்கலாக மற்ற நீதிமன்றங்களின் கட்டணத்தை நிர்ணயிப்பது மாநிலத்தின் அதிகாரம். வெள்ளையர் காலத்தில் 1870-ஆம் ஆண்டின் நீதிமன்றக் கட்டணச் சட்டமும் 1887-ஆம் ஆண்டின் வழக்கு மதிப்பீட்டுச் சட்டமும் இருந்தன. 1955-இல் நம் மாநிலம் தனிச் சட்டம் இயற்றி, அவ்விரண்டையும் இங்கே நீக்கியது. இங்கே மட்டும்தான், 1870 சட்டம் தில்லியில் இன்றும் உண்டு. ஆகவே வெளிமாநில உறவினர் சொல்லும் கணக்கு நமக்குப் பொருந்தாது. நீக்கும்போது, ஏற்கெனவே தாக்கலாகியிருந்த வழக்குகளும் அவற்றின் மேல்முறையீடுகளும் பழைய சட்டப்படியே நடக்கும் என்று பாதுகாப்பும் வைத்தார்கள். பாதி வழியில் பாரம் ஏறக் கூடாது அல்லவா!

கோர்ட் முத்திரை வில்லை வழங்குவது, அதன் கணக்கு போன்றவற்றுக்கு அரசு விதி செய்கிறது. கட்டணத்தைக் குறைக்கவோ தள்ளுபடி செய்யவோ அரசிதழில் அறிவித்தாலே போதும். கூட்டுவதற்குச் சட்டமன்றம்தான் திருத்த வேண்டும்.

இனி முக்கியமான இடம், 37-ஆம் பிரிவு. சொத்தின் அனுபவத்திலிருந்து முற்றிலும் விலக்கப்பட்டவர் தம் பங்கின் சந்தை மதிப்புக்கு மூன்று சதவீதம் கட்ட வேண்டும். கூட்டு அனுபவத்தில் இருப்பவருக்குச் சிறிய நிலையான கட்டணமே. கட்டிக்கொடுத்த பெண் வேறு ஊரில் குடியிருப்பதாலேயே விலக்கப்பட்டவர் ஆகிவிட மாட்டார். ஒரு பங்காளியின் அனுபவம் சட்டப்படி எல்லாருடைய அனுபவமும்தான். இந்தப் பிரிவு பற்றிய நீலாவதி - நடராஜன் வழக்கில், வருமானத்தில் பங்கு தரவில்லை என்று மனுவில் சொன்னது மட்டும் விலக்கியதாக ஆகாது என்றது உச்ச நீதிமன்றம். மனுவில் ஒரு வரி எப்படி விழுகிறது என்பதில் பல ஆயிரம் ரூபாய் இருக்கிறது. வக்கீலிடம் உள்ளதை உள்ளபடி சொல்லுங்கள். கையெழுத்திடுமுன் அந்த வரியைப் படித்துக் காட்டச் சொல்லுங்கள்.

கட்டிய பணம் திரும்பவும் கூடும். நீதிமன்றம் சமரசத்துக்கு அனுப்பி வழக்கு முடிந்தால் 69-ஏ பிரிவின்படி முழுத் தொகையும் திரும்பும். தாங்களாகவே வெளியில் பேசி முடித்துக்கொண்டால்? அதற்கும் உண்டு என்று 2021 பிப்ரவரியில் உச்ச நீதிமன்றம் தீர்ப்பளித்தது. அது நம் மாநிலத்து வழக்கேதான். ஜமாஅத்தில் பேசி முடித்துவிட்டு வழக்கை அப்படியே கிடப்பில் போடுபவர்கள் இதைக் கவனிக்க வேண்டும். சமரசத்தை எழுதி நீதிமன்றத்தில் தாக்கல் செய்து, பணத்தைத் திரும்பக் கேட்டு மனுவும் கொடுக்க வேண்டும்.

கட்டவே வசதியில்லாத பெண்களுக்கு வட்ட சட்டப் பணிகள் குழு உதவும். பெண்களுக்கு வருமான வரம்பு கிடையாது. வழக்குப் போடுமுன்னரே விண்ணப்பியுங்கள்.