செங்காந்தளின் சூல்தண்டு ஏன் வளைகிறது?

இலை நுனியே பற்றுக்கம்பியாக நீண்டு சுருள்வதும், அலைவிளிம்புள்ள ஆறு இதழ்கள் பின்னோக்கி மடிந்து மஞ்சளிலிருந்து செந்நிறத்துக்கு மாறுவதும் செங்காந்தளை அடையாளம் காட்டுகின்றன. சூலகத்தையும் மகரந்தம் ஏற்கும் சூல்முடியையும் இணைக்கும் காம்பாகிய சூல்தண்டு, ஏறத்தாழச் செங்கோணத்தில் பக்கவாட்டில் வளைந்து மகரந்தப்பைகளை விட்டு விலகி நிற்பதால், ஒரு பூவின் மகரந்தம் அதே பூவில் படிவது அரிதாகி, அயல் மகரந்தச் சேர்க்கைக்கு வழி பிறக்கிறது. இதனாலேயே, விதைக்காக இதனைப் பயிரிடும் திண்டுக்கல், கரூர் வட்டார உழவர்கள் மகரந்தத்தைக் கையாலேயே சூல்முடியில் தடவுகின்றனர்.

விதையிலிருந்து வளரும் செடி பூக்கச் சில ஆண்டுகள் ஆகுமாதலால், வறண்ட பருவத்தில் உறங்கிக் கிடக்கும் கிழங்கை, முளை நுனி ஒடியாமல், நீர் தேங்காத மண்ணில் மழைக்காலத் தொடக்கத்தில் ஊன்றி, கொடி பற்றி ஏறக் கம்பிப் பந்தல் அமைப்பதே வழக்கம். செடி முழுவதும் உள்ள கொல்கிசின் என்னும் ஆல்கலாய்டு, அதாவது தாவரங்களில் உருவாகும் நைட்ரசன் சேர்மம், அளவறிந்த மருந்தாகப் பயன்படினும், கிழங்கையோ விதையையோ உண்போரின் உயிரைப் பறிக்கவல்லது.