44 சென்டிமீட்டரில் பட்டியலை இழந்த மலை

பிரிட்டனிலேயே உயரமான சிகரம் ஸ்காட்லாந்தின் பென் நெவிஸ். உயரம் 1,345 மீட்டர். ஊட்டி பஸ் ஸ்டாண்டில் இறங்கி நிற்பவர் அதைவிட எத்தனையோ உயரத்தில் நிற்கிறார். இந்தக் கணக்கை வைத்து ஸ்காட்லாந்து மலைகளைக் குன்றுகள் என்று தள்ளிவிடத் தோன்றும். ஃபிஷர்ஃபீல்டில் ஒரு நாள் நடந்து வந்தவர்கள் அப்படிச் சொல்வதில்லை.

நாட்டின் வடமேற்கில், மரீ ஏரிக்கு வடக்கே கிடக்கும் மலைக்கூட்டம் அது. மரம் அபூர்வம். புல், ஹெதர் புதர், கால் புதையும் கருஞ்சேறு, பாறை. உள்ளே ஊரோ கடையோ பொதுச் சாலையோ கிடையாது. கோரி ஹாலி என்ற இடத்தில் காரை நிறுத்திவிட்டு ஏழு கிலோமீட்டர் போல நடந்தால் ஷெனவால் என்ற பழைய கல்வீடு வரும். பூட்டு இல்லை, வாடகை இல்லை, மின்சாரமும் இல்லை. யார் வேண்டுமானாலும் படுத்துக்கொள்ளலாம். மலை ஏற்றம் தொடங்குவதே அதற்கு அப்புறம்தான்.

இவ்வளவு தூரம் ஆட்களை இழுத்துவருவது ஒரு பட்டியல். 3,000 அடிக்கு மேற்பட்ட ஸ்காட்லாந்து சிகரங்களை எல்லாம் தொகுத்து சர் ஹியூ மன்ரோ 1891-இல் வெளியிட்டார். இன்று அதில் 282 பெயர்கள். எல்லாவற்றையும் ஏறி முடிப்பதை வாழ்நாள் வேலையாக வைத்திருப்பவர்கள் ஏராளம். முதலில் முடித்தவராக 1901-இல் பெயர் பெற்றவர் ராபர்ட்சன் என்ற பாதிரியார். மன்ரோவுக்கு அந்தக் கொடுப்பினை இல்லை. 1919-இல் பட்டியலை முடிக்காமலேயே இறந்துபோனார். கடைசியில் ஏறலாம் என்று அவர் மிச்சம் வைத்திருந்த ஒரு மலையை 1981-இல் பட்டியலிலிருந்தே எடுத்துவிட்டார்கள். விதி என்பதா, அச்சுப்பிழை என்பதா!

ஃபிஷர்ஃபீல்டிலும் அப்படி ஒரு கதை உண்டு. ஆறு சிகரங்களை ஒரே நாளில் சுற்றிவருவதுதான் அங்கே பேர்போன நடை. 2012-இல் புதுக் கருவிகளோடு அளந்தபோது, அவற்றில் முதலாவதான பென் எ க்ளேவ் 913.96 மீட்டர்தான் என்று தெரிந்தது. 3,000 அடி என்பது 914.4 மீட்டர். 44 சென்டிமீட்டர் போதாமல் மலை பட்டியலை விட்டு இறங்கியது. ஆனாலும் பலர் அதை விடுவதில்லை. ஆறு ஆறாகவே இருக்கட்டும் என்று ஏறுகிறார்கள். எனக்கு அவர்களைத்தான் பிடிக்கிறது.

அதன்பின் ஸ்கூர் பான். உச்சி முழுக்க வெளிறிய குவார்ட்சைட் கற்கள். கால் வைத்தால் புரளும், ஈரமானால் வழுக்கும். அடுத்து இந்தச் சுற்றிலேயே உயரமான முல்லாக், பிறகு பென் டார்சின். ஐந்தாவதாக ஆ வாட்யன். எந்தச் சாலையிலிருந்தும் மிகத் தொலைவில் இருக்கும் மன்ரோ சிகரம் இதுதான் என்பார்கள். மேற்கே செங்குத்தாகச் சரியும் பாறை, கீழே ஃபியோன் ஏரி, அதற்கப்பால் கடல். லூயிஸியன் நைஸ் என்ற இப்பகுதிப் பாறைகள் பிரிட்டனின் மிகப் பழமையானவை. சில 300 கோடி ஆண்டு வயதுள்ளவை. பக்கத்திலேயே ஆறாவது சிகரமான ரூவா ஸ்டாக் மோர், செம்மணற்கல்லால் ஆனது. ஒரு கணவாயைத் தாண்டுவதற்குள் பாறையின் நிறமே மாறிவிடுகிறது.

எவ்வளவு நேரம் பிடிக்கும்? வில்லியம் நெய்ஸ்மித் 1892-இல் சொன்ன கணக்கைத்தான் இன்றும் போடுகிறார்கள்: மூன்று மைலுக்கு ஒரு மணி நேரம், ஏறும் ஒவ்வொரு 2,000 அடிக்கும் கூடுதலாக ஒரு மணி நேரம். ஷெனவாலிலிருந்து போய்த் திரும்ப 25 கிலோமீட்டருக்கு மேல் நடை. ஏற்றங்களைக் கூட்டினால் 2,000 மீட்டரைத் தாண்டும். அப்படிப் பார்த்தால் எட்டரை மணி நேரம். இதில் சேறு, புரளும் கல், மூடுபனியில் திசைகாட்டியை வைத்துக்கொண்டு திகைப்பது, சாப்பாடு எதுவும் சேர்த்தி இல்லை. பன்னிரண்டு மணி நேரம் என்று வைத்துக்கொள்வதே நல்லது. ஜூனில் இரவு பத்து மணிக்கும் வெளிச்சம் இருக்கும் என்பதால் கதை ஓடுகிறது. டிசம்பரில் பகல் ஆறரை மணி நேரம்தான். கோடையிலும் தொல்லை உண்டு. காற்று நின்றால் போதும், மிட்ஜ் என்ற பொடிப்பூச்சி கூட்டமாக வந்து மொய்த்துக் கடிக்கும்.

உண்மையில் பயப்பட வேண்டியது ஆற்றுக்குத்தான். ஷெனவாலுக்கு எதிரே ஓடும் ஆற்றைக் காலையில் இறங்கித்தான் கடக்க வேண்டும். முழங்கால் அளவு நீர் என்று சிரித்துக்கொண்டே கடப்பார்கள். பகலில் மேலே மழை கொட்டினால், மாலையில் அதே இடத்தில் கால் வைக்க முடியாது. எதிர்க்கரையில் வீடு தெரியும். அங்கே தூங்கும் பையும் சாப்பாடும் இருக்கும். ஆனால் வெள்ளம் வடியும்வரை இந்தக் கரையில் உட்கார வேண்டியதுதான். அனுபவசாலிகள் ஆறு சிகரம் என்ற ஆசையைப் பாதியில் விட்டுத் திரும்புவது பெரும்பாலும் இந்த ஆற்றை நினைத்துத்தான்.

கடந்துவிட்டால் வீடு, அடுப்பு, ஈரமான சாக்ஸைக் காயப்போட ஒரு கயிறு. அன்றைக்கே ஊர் திரும்ப நினைப்பவர்களுக்கு, காரை விட்ட இடத்துக்கு இன்னும் ஏழு கிலோமீட்டர் பாக்கி. அதிலும் ஏற்றம் உண்டு.