துறைமுகத்து அங்குலம்

திருகோணமலைத் துறைமுகம் அங்குலத்தில் வளர்ந்து மில்லிமீற்றருக்கு மாறிய இடம். பிரித்தானியக் கடற்படை அதனைத் தளமாகக் கொண்டிருந்த காலத்தில் கப்பற் பழுதுபார்ப்பு அங்குலக் கணக்கிலேயே நடந்தது; 1957 ஒக்டோபர் 15 அன்று தளம் இலங்கையிடம் கையளிக்கப்பட்டதன் பின்னர், மீன்பிடிப் படகுகளுடன் வந்துசேர்ந்த யப்பானிய டீசல் எஞ்சின்களோ மில்லிமீற்றரில் அமைந்தவை. ஆதலால் இப்பகுதியில் பழைய அளவுகருவியொன்றை வாங்க முனையும் கடைசல் தொழிலாளி, அதன் விலையைக் கேட்பதற்கு முன்னரே அது எந்த அளவுமுறைக்குரியது என்று பார்த்தாக வேண்டும்.

2022இல் டொலருக்கு எதிராக ரூபாய் சரிந்தபோது இறக்குமதிக் கருவிகளின் விலையும் ஏறியது. பழையவற்றை நாடுவதற்கு அதுவும் ஒரு காரணம். ஆயினும் பழையது என்பதனாலேயே ஒரு கருவி தாழ்ந்ததாகிவிடாது. 1906இல் ஷெபீல்ட் நகரில் தோன்றிய மூர் அண்ட் ரைட், 1934இல் யப்பானில் தொடங்கிய மிற்றுற்றோயோ போன்ற நிறுவனங்களின் நுண்மானித் திருகுக் கணிச்சிகள், அதாவது பட்டறை வழக்கில் மைக்ரோமீற்றர்கள், நன்றாகப் பேணப்பட்டால் தலைமுறை கடந்தும் உழைக்கக்கூடியவை.

இக்கருவியின் உயிர் அதன் திருகாணியில் இருக்கிறது. மில்லிமீற்றர்க் கருவியில் திருகாணி ஒரு முழுச் சுற்றுக்கு அரை மில்லிமீற்றர் நகர, அதனுடன் சுழலும் உறையின் விளிம்பு 50 பிரிவுகளாக வகுக்கப்பட்டிருப்பதால், ஒரு பிரிவு 0.01 மில்லிமீற்றரைக் குறிக்கும். பாடநூல்கள் இழிவெண்ணிக்கை என்பது இதனையே. அங்குலக் கருவியில் ஓர் அங்குலத்துக்கு 40 புரிகளும் உறையில் 25 பிரிவுகளும் அமைவதால், ஒரு பிரிவு ஆயிரத்தில் ஓரங்குலம், அதாவது 0.0254 மில்லிமீற்றர் ஆகிறது. அதே கருவியில் வேணியர் அளவிடையும் பொறிக்கப்பட்டிருந்தால் பத்தாயிரத்தில் ஓரங்குலம் வரை வாசிக்கலாம் என்பதால், காலாவதியானதென்று ஒதுக்கப்படும் அங்குலக் கருவி, சாதாரண மில்லிமீற்றர்க் கருவியைவிட நுண்மையாக அளப்பதும் உண்டு. பெருக்கிக் கணக்கிடும் சிரமம் மட்டுமே அதற்குக் கொடுக்கும் விலை.

வாங்குவோர் பெரும்பாலும் தவறுவது சோதனையில்தான். இரு முகங்களையும் மெல்லப் பொருத்தி உறை பூச்சியத்தில் நிற்கிறதா என்று பார்ப்பது பூச்சிய வழுவை மட்டுமே காட்டும். அவ்வழுவைத் திருத்துவதோ எளிது. நாள்தோறும் ஒரே பருமனுள்ள தண்டுகளை அளந்த கருவியில் அந்த அளவுக்குரிய புரிகள் மட்டும் தேய்ந்திருக்கும்; அது பூச்சியத்தில் உண்மையும் 12 மில்லிமீற்றரில் பொய்யும் சொல்லும். இதனைக் கண்டறிவதற்கென அமைந்த அளவுக் கட்டைகளின் தொகுதியில் 2.5, 5.1, 7.7, 10.3, 12.9 என்று விசித்திரமான எண்கள் வருவதற்குக் காரணம், ஒவ்வொரு கட்டையிலும் உறை தன் சுற்றின் வெவ்வேறு இடத்தில் நின்று புரியின் கோணலை வெளிப்படுத்த வேண்டும் என்பதாகும்.

அளவுக் கட்டைகள் கிடைக்காத பட்டறையில் புதிய பேரிங்கின் குண்டு ஓரளவு கைகொடுக்கும். அதனை முகத்தின் நடுவிலும் விளிம்புகளிலும் மாற்றி வைத்து அளக்கையில் வாசிப்பு மாறுமாயின் முகம் குழிந்துவிட்டது அல்லது சரிந்துவிட்டது என்று கொள்ளலாம். எங்கும் காணப்படும் 6205 வகைப் பேரிங்கின் வெளிவிட்டம் 52 மில்லிமீற்றராக இருக்க, உள்ளே உருளும் குண்டுகளோ பதினாறில் ஐந்து அங்குலம், ஏறத்தாழ 7.938 மில்லிமீற்றர்; அங்குலம் அவ்வளவு இலகுவில் ஓய்வு பெறுவதில்லை.

கச்சான் காற்று வீசும் மாதங்களில் வெப்பமும் அளவீட்டில் தலையிடுகிறது. நீள அளவீடுகளுக்கு உலகெங்கும் ஏற்கப்பட்ட நியம வெப்பநிலை 20 பாகை செல்சியஸ். திருகோணமலையின் நண்பகல் அதனிலும் மிக உயர்ந்தது. உருக்குக் கருவியும் உருக்குத் தண்டும் ஒரே வெப்பநிலையில் இருந்தால் இரண்டும் சேர்ந்தே விரிவதால் பிழை பெரும்பாலும் நீங்கிவிடும். ஆனால் கடைசற் பொறியிலிருந்து சூடாக எடுத்த 50 மில்லிமீற்றர்த் தண்டு கருவியைவிட 30 பாகை கூடிய வெப்பத்தில் இருந்தால், ஏறத்தாழ 0.017 மில்லிமீற்றர் பெருத்துத் தோன்றும். அந்த வாசிப்பை நம்பி மேலும் கடைந்தால் ஆறிய தண்டு பெயரிட்ட அளவிலும் இளைத்துவிடும்.

வாடைக் காலத்து ஈரமும் கடலுப்பும் கைவியர்வையும் மெருகிட்ட உருக்கில் துருப்புள்ளிகளை விரைவில் உண்டாக்குகின்றன. ஆகவே வேலை முடிந்ததும் கருவியைத் துடைத்து, மெல்லிய எண்ணெய் பூசி, இரு முகங்களும் ஒன்றையொன்று தொடாதவாறு சிறு இடைவெளி விட்டுப் பெட்டியில் வைப்பது வழக்கமாக இருக்க வேண்டும். இறுக மூடி வைத்த முகங்களிடையே சிக்கும் ஈரம் வெளியேற வழியின்றி அங்கேயே துருவைத் தொடக்கிவிடும். பழைய கருவியை வாங்குகையில் அம்முகங்களை முதலில் வெளிச்சத்தில் திருப்பிப் பார்ப்பதும் இதற்காகவே.