மலைநாட்டு ஆட்டினங்களும் அவற்றைக் காக்கும் முறையும்

குளிர்ந்த மலைப் பிரதேசத்தில் பிழைக்கும் கால்நடை வேறு, வெயில் மிகுந்த சமவெளியில் பிழைக்கும் கால்நடை வேறு என்பது மேய்ச்சல் தொழிலில் பழகியவர் யாவரும் அறிந்த விஷயம். ஸ்காட்லாந்து, வேல்ஸ், அயர்லாந்து ஆகிய தேசங்களில் கெல்டிய மொழிகளைப் பேசிவந்த மலைக்குடியானவர்கள், மழையையும் பனியையும் தாங்கவல்ல சிற்றுருவமுள்ள ஆடுமாடுகளைத் தலைமுறை தலைமுறையாக வளர்த்து வந்தனர். வேல்ஸ் மலையாடும், அயர்லாந்தின் கெர்ரி என்னும் கருநிறப் பசுவும் இவ்வகையின. இவற்றின் பெருமை உடலின் எடையில் இல்லை; அற்பமான புல்லைத் தின்று உயிர் தாங்கிப் பலன் தருவதில் உள்ளது.

ஸ்காட்லாந்து, வேல்ஸ் மலைகளின் ஆட்டு மந்தைகளுக்கு மற்றொரு விசேஷமும் உண்டு. குட்டியானது தாயின் பின்னே திரிந்து தன் மந்தையின் மேய்ச்சல் எல்லையைப் பழகிக்கொள்கிறது. வேலியில்லாமலே அவ்வெல்லைக்குள் தங்கிவிடுகிறது. மந்தையை அடியோடு விற்றுவிட்டால், புதிதாக வாங்கும் ஆடுகளிடம் அந்தப் பழக்கம் இராது. பணம் கொடுத்தும் உடனே பெற முடியாத சொத்து அது.

தமிழ்நாட்டிலும் இதற்கு உதாரணம் உண்டு. பத்தொன்பதாம் நூற்றாண்டில் நீலகிரிக்கு ஸ்காட்லாந்தின் எல்லை மலைகளுக்குரிய செவியட் ஆடும், இங்கிலாந்தின் சவுத்டவுன் ஆடும், டாஸ்மேனியாவின் மெரினோ ஆடும் கொண்டுவரப்பட்டு, கோயமுத்தூர் நாட்டாடுகளுடன் சேர்க்கப்பட்டன. அக்கலப்பிலிருந்து நாளடைவில் நிலைபெற்றதே நீலகிரி ஆடு. பின்னர் தோட்டப் பயிர்களும் அயல் மரங்களும் பெருகி மேய்ச்சல் நிலம் குறுகவே, அவ்வினமும் வெகுவாகக் குறைந்தது. உதகமண்டலத்தை அடுத்த சாண்டிநல்லா ஆராய்ச்சி நிலையத்தில் அது காக்கப்பட்டு வருகிறது.

பழனி மலையில் கொடைக்கானலுக்கு மேற்கே, கடல் மட்டத்துக்குச் சுமார் 2,000 மீட்டர் உயரத்திலுள்ள மன்னவனூரில், மத்திய சர்க்காரின் செம்மறியாடு, கம்பளி ஆராய்ச்சி நிலையத்தின் தென்மண்டலக் கிளை 1965-ஆம் வருஷத்தில் ஏற்பட்டது. பாரத மெரினோ என்னும் இனம் அங்கே வளர்க்கப்படுகிறது. ராஜஸ்தானத்தின் சோக்லா, நாலி முதலிய ஆடுகளுடன் ராம்புயே, ருஷ்ய மெரினோ கிடாக்களைச் சேர்த்து உண்டாக்கிய இனம் இது. இதன் கம்பளி மெல்லியது. குளிர்ந்த மலைக்கு ஏற்றது.

ஆயினும் மலையில் நன்மை தருவது கீழ்நாட்டிலும் நன்மை தரும் என்று எண்ணுதல் தவறு. அடர்ந்த கம்பளியுள்ள ஆடு சமவெளி வெப்பத்தில் இளைத்துத் துன்புறும். வாடிப்பட்டி வட்டாரத்துக் கச்சைக்கட்டிக் கருப்பு ஆடு போன்ற ரோம ஆடுகளே அங்கே தக்கவை. மலையிலும் ஈரம் தேங்கும் புல்வெளிகளில் குளம்பழுகலும், நத்தைகளின் மூலம் பரவும் ஈரல் புழு நோயும் வரக்கூடும். ஆகவே மேட்டுப் பாங்கான மேய்ச்சலும் உலர்ந்த பட்டியும் அவசியம்.

கலப்பினத்தில் முதல் தலைமுறைக் குட்டிகள் பெரும்பாலும் செழிப்பாக வளரும். அதனைக் கண்டு மகிழ்ந்து, கலப்புக் கிடாவையே மந்தையில் விட்டு, நாட்டுக் கிடாக்களையெல்லாம் விற்றுவிடுவோர் உண்டு. அடுத்தடுத்த தலைமுறைகளில் குட்டிகளின் குணம் பலவாறாகச் சிதறும். அப்பொழுது பழைய இனத்துக்குத் திரும்ப விரும்பினும் வித்து அகப்படாது.

இந்நஷ்டத்தைத் தனி மனிதர் தடுப்பது கடினம். கூட்டுறவுச் சங்கத்துக்கு அது எளிது. இருபத்தைந்து அல்லது முப்பது பெட்டைகளுக்கு ஒரு கிடா போதுமாதலின், அங்கத்தினர் பலர் சேர்ந்து நல்ல கிடாக்களை வாங்கி முறைவைத்து உபயோகிக்கலாம். தந்தை தன் மகளுடன் சேராதவாறு, இரண்டு வருஷத்துக்கொருமுறை கிடாவை மந்தைக்கு மந்தை மாற்றுதல் வேண்டும். ஒவ்வொரு குட்டிக்கும் காதில் அடையாளமிட்டு, தாய், தந்தை, பிறந்த தேதி, எடை ஆகியவற்றைச் சங்கப் புத்தகத்தில் பதிய வேண்டும். அயர்லாந்தில் கெர்ரிப் பசுவுக்கு 1890-ஆம் வருஷத்திலேயே வம்சாவளிப் புத்தகம் வெளியிடப்பட்டது. அப்பசுவினம் அழியாது நிலைத்ததற்கு அத்தகைய பதிவும் ஒரு காரணம்.

கலப்பு செய்ய விரும்பும் சங்கத்தார், மந்தையில் ஒரு பகுதியை மாத்திரம் அதற்கு ஒதுக்கி, மற்றப் பகுதியைச் சுத்த நாட்டினமாகவே வைத்துக்கொள்வது உத்தமம். விதைநெல்லைக் குத்தி உண்ணாத குடியானவன், வித்துக் கிடாவையும் சந்தைக்கு அனுப்பலாகாது.