கட்டியாக வரும் ரத்தப் புற்றுநோய்: எப்படிக் கண்டுபிடிக்கிறார்கள்?

சுபாங் ஜெயா: ரத்தப் புற்றுநோய் என்றதும் உடல் வெளுப்பது, விடாத காய்ச்சல், ஈறில் ரத்தக் கசிவு ஆகியவைதான் நம் நினைவுக்கு வரும். கட்டியை யாரும் நினைப்பதில்லை. ஆனால், முதிராத ரத்த அணுக்கள் எலும்பு மஜ்ஜைக்கு வெளியே ஓரிடத்தில் திரண்டு கட்டியாவதும் உண்டு. 'மைலாய்ட் சர்க்கோமா' எனும் இந்நோய் அரிதானது. தோல், ஈறு, நெறி, கண்குழி, முதுகெலும்பு, குடல் என எங்கும் தோன்றலாம்.

ஸ்காட்லாந்து மருத்துவர் ஆலன் பர்ன்ஸ் 1811-லேயே இதைப் பற்றி எழுதியிருக்கிறார். சில கட்டிகளை அறுத்தால் உள்ளே பச்சையாக இருந்ததால் 1853-இல் 'குளோரோமா' என்று பெயர் வந்தது. பச்சைக்குக் காரணம் மைலோபெராக்சிடேஸ் எனும் நொதி. வேடிக்கை என்னவென்றால், இன்றும் பெரும்பாலும் நோயைக் காட்டிக் கொடுப்பது அதே நொதிதான்.

கழுத்தில் நெறி கட்டினால் மருத்துவருக்கு முதலில் காசநோய்ச் சந்தேகம் வருவது இயல்பு. பயாப்சி எடுத்த பிறகும் நுண்ணோக்கியில் இது லிம்போமா போலவே தெரியலாம். ஆகவே, மாதிரியில் மைலோபெராக்சிடேஸ், சிடி68, சிடி117 போன்ற அடையாளங்கள் உள்ளனவா எனச் சாயமேற்றிப் பார்க்கிறார்கள். ஊசியால் உறிஞ்சும் சில துளி அணுக்கள் பல நேரங்களில் இதற்குப் போதாது. சதைத் துண்டே வேண்டும். பிறகு மஜ்ஜைப் பரிசோதனை, மரபணுச் சோதனை, ஸ்கேன்.

ரத்தப் பரிசோதனை சரியாக இருந்தால் நிம்மதி அடைந்துவிடுகிறோம். இந்த நோயில் ரத்தம் மட்டுமல்ல, மஜ்ஜையும்கூட சில சமயம் சுத்தமாகவே இருக்கும். "கட்டியைத்தான் எடுத்தாச்சே, அப்புறம் எதுக்கு கீமோ?" என்று குடும்பத்தார் கேட்பது நியாயமான கேள்விதான். கட்டியை மட்டும் அகற்றிவிட்டு விட்டால், பெரும்பாலோருக்குச் சில மாதங்களிலோ ஓராண்டு வாக்கிலோ அது முழு ரத்தப் புற்றுநோயாக மாறிவிடுகிறது. அதனால்தான் தொடக்கத்திலேயே, தீவிர மைலாய்ட் லுக்கேமியாவுக்குத் தரும் கீமோவையே இதற்கும் தருகிறார்கள். சிலருக்கு மஜ்ஜை மாற்று சிகிச்சையும் தேவைப்படும்.

சுபாங் ஜெயாவில் தனியார் மருத்துவமனையில் ரத்தவியல் நிபுணர்கள் உள்ளனர். செலவு தாங்காதவர்களுக்கு, அரசாங்கத்தின் ரத்தவியல் மையமாக விளங்கும் அம்பாங் மருத்துவமனை இருக்கிறது. தோட்டப்புறத்தில் இருப்பவர்கள் அருகிலுள்ள கிளினிக் கெசிஹாத்தானில் காட்டிப் பரிந்துரைக் கடிதம் பெறலாம். பெரும்பாலான கட்டிகள் புற்றுநோய் அல்ல. ஆனாலும் இரண்டு மூன்று வாரமாகியும் கரையாத கட்டியை எண்ணெய் தடவிப் பார்த்துக்கொண்டிருக்க வேண்டாம்.

மருத்துவமனை மாறுகிறவர்கள் ரிப்போர்ட்டை மட்டும் எடுத்துப் போகாதீர்கள். பயாப்சி கண்ணாடிச் சில்லுகளையும் சதைத் துண்டைப் பதித்து வைத்த மெழுகுக் கட்டியையும் ஆய்வுக்கூடத்தில் கேட்டு வாங்கிச் செல்லுங்கள். அவை இருந்தால், பல நேரங்களில் மறுபடி அறுக்காமலே விடுபட்ட சோதனைகளைச் செய்துவிடலாம்.