ஹூக்ளிக் கரையில் ஒரு தரங்கம்பாடி

டென்மார்க் கொடி பறந்த செராம்பூரில் நடந்தால், தமிழ்க் கடற்கரையின் சுவடுகள் எதிர்ப்படுகின்றன.

ரைன் நதியில் கப்பலில் மிதந்து, கொலோனில் இறங்கி, தேவாலயத்தையும் பழைய தெருக்களையும் நடந்தே பார்த்துவிட்டு மாலையில் கப்பலுக்குத் திரும்புவது ஜெர்மனி போகிறவர்களின் வழக்கம். கொல்கத்தாவிலிருந்து ஹூக்ளியில் வடக்கே செல்லும் சுற்றுலாக் கப்பல்களிலும் இதே கதைதான். பாண்டெலில் போர்த்துகீசியர், சின்சுராவில் டச்சுக்காரர்கள், சந்தன்நகரில் பிரெஞ்சுக்காரர்கள் என்று ஒரே கரையில் ஐரோப்பா வரிசையாக நிற்கிறது. அந்த வரிசையில் தமிழர்கள் அவசியம் இறங்க வேண்டிய துறை ஒன்று உண்டு. அது செராம்பூர்.

அதற்குச் சொகுசுக் கப்பல் தேவையில்லை. பாலிகஞ்ச் ஸ்டேஷனில் லோக்கல் ரயிலைப் பிடித்து, சியால்தாவில் மாறி, பாரக்பூரில் இறங்கினால் போதும். அங்கே படித்துறையிலிருந்து படகு. ஆற்றின் நடுவே வரும்போதே எதிர்க்கரையில் மரங்களுக்கு மேலே ஒரு கோபுரம் தெரியத் தொடங்குகிறது.

1755ல் டென்மார்க் கம்பெனி இங்கே வந்து கொடியேற்றி, தங்கள் மன்னரின் பெயரில் ஃபிரடெரிக் நகர் என்று ஊருக்குப் பெயரிட்டது. அதற்கு 135 ஆண்டுகளுக்கு முன்பே, 1620ல், அவர்கள் தரங்கம்பாடியில் கால் ஊன்றியிருந்தார்கள். அந்த வகையில் செராம்பூர் தரங்கம்பாடியின் தங்கை ஊர்.

நடையை நிஷான் காட்டிலிருந்து தொடங்கலாம். நிஷான் என்றால் கொடி. துறைக்கு எதிரே நிற்பது டென்மார்க் டாவர்ன். 1786ல் ஜேம்ஸ் பார் என்ற ஆங்கிலேயர் நடத்திய விடுதி. கூரை இழந்து, இடிபாடாகக் கிடந்த இந்தக் கட்டடம் சீர்செய்யப்பட்டு 2018ல் காப்பிக் கடையும் தங்கும் அறைகளுமாகத் திறக்கப்பட்டது.

சில நிமிட நடையில் புனித ஓலாவ் தேவாலயம். கவர்னர் ஓலே பீ முயற்சி எடுத்த இந்தக் கோயில் 1806ல் கட்டி முடிக்கப்பட்டது. அதைப் பார்க்க அவர் இல்லை. முந்தைய ஆண்டே இறந்துவிட்டார். முகப்பில் மன்னர் ஏழாம் கிறிஸ்டியனின் முத்திரை இன்றும் இருக்கிறது. டென்மார்க் தேசிய அருங்காட்சியகத்தின் உதவியோடு நடந்த சீரமைப்புக்கு 2016ல் யுனெஸ்கோவின் ஆசிய பசிபிக் விருது கிடைத்தது.

ஆற்றோரமாகவே நடந்தால் செராம்பூர் கல்லூரி. பிரிட்டிஷ் கம்பெனி தன் எல்லைக்குள் மிஷனரிகளை விரும்பாத காலம் அது. 1800ல் வில்லியம் கேரிக்கும் அவருடைய நண்பர்களுக்கும் இடம் கொடுத்தது டென்மார்க் கொடிதான். அதே ஆண்டு அச்சகம் பிறந்தது. வங்காளி எழுத்து வார்ப்பில் கைதேர்ந்த பஞ்சானன் கர்மகார் அங்கே வேலை பார்த்தார். 1812 மார்ச்சில் அச்சகம் தீப்பிடித்தது. காகிதம், கையெழுத்துப் பிரதிகள், பல மொழி எழுத்துகள் எல்லாம் போயின. அப்போது அச்சில் இருந்தவற்றில் தமிழ் புதிய ஏற்பாடும் ஒன்று. எழுத்துகளை மறுபடியும் வார்த்து, 1813ல் அதை வெளியிட்டார்கள்.

அந்த மொழிபெயர்ப்பைச் செய்தவர் ஃபப்ரீசியஸ் என்ற ஜெர்மானியர். 1740ல் தரங்கம்பாடிக்கு வந்து, பிறகு சென்னையில் உழைத்தவர். அவருக்கும் முன்னோடி, டென்மார்க் மன்னர் அனுப்பி 1706ல் தரங்கம்பாடிக்கு வந்த சீகன்பால்கு. அவரும் ஜெர்மானியர்தான். ஜெர்மானியரின் தமிழ், டென்மார்க் நிழலில், வங்காள மண்ணில் அச்சேறியது.

வியாபாரம் மட்டும் நிலைக்கவில்லை. 1808 முதல் 1815 வரை ஊர் பிரிட்டிஷார் கையில் இருந்தது. அதன் பிறகு டென்மார்க் வர்த்தகம் எழுந்திருக்கவே இல்லை. 1845ல் தரங்கம்பாடி, செராம்பூர், பாலசோரில் இருந்த சிறு இடம் எல்லாவற்றையும் சேர்த்து 12.5 லட்சம் ரூபாய்க்கு பிரிட்டிஷ் கம்பெனிக்கு விற்றது டென்மார்க். அக்காள், தங்கை இருவரும் ஒரே பத்திரத்தில் கைமாறினார்கள்.

விலைபோகாதது ஒன்றுதான். 1818ல் தொடங்கிய கல்லூரிக்கு 1827ல் டென்மார்க் மன்னர் பட்டம் வழங்கும் உரிமை கொடுத்திருந்தார். விற்பனை ஒப்பந்தம் அந்த உரிமையில் கைவைக்கவில்லை. மதுரையிலும் சென்னையிலும் இறையியல் படிக்கிறவர்கள் இன்றும் செராம்பூர் பட்டம் பெறுவது அதனால்தான்.

தேவாலயமும் டாவர்னும் பிழைத்துக்கொண்டன. ஆனால் ஒரு ஊர் என்பது இரண்டு கட்டடங்கள் அல்ல. அவற்றுக்கு இடையே உள்ள சந்துகளும், தூண் வைத்த பழைய வீடுகளும், ஆற்றுக்கு இறங்கும் படிகளும் சேர்ந்ததுதான் ஊர். ஒரு வீடு இடிந்து அடுக்குமாடியாகும்போது எந்த விருதும் அதைத் திரும்பக் கொண்டுவராது. கப்பலில் வருகிறவருக்கு இங்கே கிடைப்பது சில மணி நேரம். பாலிகஞ்ச்காரர் அடுத்த ஞாயிற்றுக்கிழமையும் வரலாம். ஊர் அப்படியே இருக்கும்போதே வந்துவிடுவது நல்லது.