13 வயதில் ரேஸ் பைக் ஓட்டலாம்... தெருவில் ஸ்கூட்டர் ஓட்டக் கூடாதா?

பொங்கல் லீவுக்கு கீழவாஞ்சூர் போயிருந்தேன். சாப்பிட்டுக்கொண்டிருந்த என் முகத்துக்கு நேராக போனை நீட்டினான் ஒன்பதாவது படிக்கும் சித்தப்பா மகன். வெளிநாட்டில் எங்கோ எடுத்த ரீல்ஸ். சுற்றிலும் வெள்ளை வெளேரென்று பனி. அதில் ஏழெட்டு வயதுப் பிள்ளைகள் ஸ்னோமொபைலில் ரேஸ் விடுகிறார்கள். ஓரத்தில் நின்று அப்பா, அம்மாக்கள் கைதட்டுகிறார்கள்.

"பாத்தியாக்கா? இந்தக் குட்டிப் பசங்களை எல்லாம் விடுறாங்க. நான் செக்போஸ்ட் வரைக்கும் ஸ்கூட்டர் எடுத்தா மட்டும் அப்பா சாவியை ஒளிச்சு வைக்கிறாரு!"

"அது வெளிநாடுடா" என்று சொல்லி முடித்துக்கொண்டார் சித்தப்பா. அவனுக்கு அது பதிலாகவே படவில்லை. எனக்கும்தான். வேலைக்குத் திரும்பியதும் தேடித் தேடிப் படித்தேன். உங்கள் வீட்டிலும் இப்படி ஒரு ஆள் இருந்தால், இது உங்களுக்கும் உதவும்.

பனியில் என்ன நடக்கிறது?

ஸ்னோமொபைல் என்பது பனியில் ஓடும் ஸ்கூட்டர் மாதிரி. முன்னால் சக்கரத்துக்குப் பதில் சறுக்குக் கட்டைகள், பின்னால் டாங்கி போல ஒரு பெல்ட். காஷ்மீரின் குல்மார்க் போனவர்கள் காசு கொடுத்து ஒரு ரவுண்டு போயிருப்பீர்கள்.

அமெரிக்கா, கனடாவில் சிறுவர்கள் ஓட்டுவது அந்தப் பெரிய வண்டி இல்லை. 120 சிசி இன்ஜின் வைத்த குட்டி வண்டி. கடையில் வாங்கும்போதே வேகத்தைக் கட்டிப்போட்டுத்தான் தருகிறார்கள். மணிக்கு சுமார் 13 கிலோமீட்டர்தான் போகும். நம் ஊர்ப் பையன்கள் சைக்கிளில் இதைவிட வேகமாகப் போவார்கள். ரேஸுக்கு என்று மாற்றிய வண்டிகள் கூடுதலாக ஓடும், அதற்குத் தனிப் பிரிவு, தனி விதிகள்.

என்னைக் கவர்ந்தது ஒரு சின்னக் கயிறு. ஒரு நுனி வண்டியில், மறுநுனி பிள்ளையின் உடையில். பிள்ளை விழுந்தால் கயிறு உருவிக்கொள்ளும், அந்த நொடியே இன்ஜின் நின்றுவிடும். ஜிம்மில் டிரெட்மில்லில் சட்டையில் மாட்டும் சிவப்பு கிளிப் இருக்கிறதே, அதே யோசனை. இது இல்லாமல் களத்தில் இறக்க மாட்டார்கள். இதோடு ஹெல்மெட், மார்புக்கும் முதுகுக்கும் கவசம். பல போட்டிகளில் பளிச்சென்ற ஆரஞ்சு நிறமும் கட்டாயம். முன்னால் போகும் வண்டி கிளப்பும் பனித்தூளில் கண்ணே தெரியாது. விழுந்து கிடக்கும் பிள்ளை, பின்னால் வருபவருக்குத் தெரிய வேண்டுமே!

'பின்னால் வருபவர்' என்ற இந்த வார்த்தையை மனதில் வைத்துக்கொள்ளுங்கள்.

நம் ஊரிலும் உண்டு

சிறுவர் ரேஸ் ஏதோ பனி தேசத்து விஷயம் இல்லை. ஸ்ரீபெரும்புதூர் பக்கம் இருங்காட்டுக்கோட்டையில் 1990 முதல் ரேஸ் டிராக் இருக்கிறது. கோவை செட்டிப்பாளையத்தில் கரி மோட்டார் ஸ்பீட்வே. 10 முதல் 14 வயது வரையிலான பிள்ளைகளுக்காக எஃப்ஐஎம் மினிஜிபி என்ற பைக் பந்தயம் 2022-ல் இந்தியாவுக்கு வந்தது. கோ-கார்ட் ஓடும் சின்ன டிராக், 160 சிசி குட்டி பைக், எல்லோருக்கும் ஒரே மாதிரி வண்டி. கலந்துகொள்ள எஃப்எம்எஸ்சிஐ எனும் இந்திய மோட்டார் விளையாட்டுக் கூட்டமைப்பின் லைசென்ஸ் வேண்டும். பெற்றோர் கையெழுத்தும் வேண்டும். இது ஆர்டிஓ தரும் லைசென்ஸ் அல்ல. இதை வைத்துக்கொண்டு டிராக் வாசலைத் தாண்டி ஒரு அடி ஓட்ட முடியாது.

அந்த மினிஜிபியின் இந்தியப் பட்டத்தை வென்றவர் பெங்களூரு சிறுவன் ஸ்ரேயாஸ் ஹரீஷ். 2023-ல் தேசிய அளவில் தொடர்ந்து நான்கு பந்தயங்களில் ஜெயித்திருந்தார். அந்த ஆண்டு ஆகஸ்ட் 5, சனிக்கிழமை. இருங்காட்டுக்கோட்டையில் தேசிய பைக் பந்தயத்தின் மூன்றாவது சுற்று. காலையில் முதல் இடத்திலிருந்து புறப்படும் தகுதியைப் பெற்றார். ரூக்கி பிரிவுப் பந்தயம் தொடங்கி, முதல் வளைவைத் தாண்டியதும் விழுந்தார். உடனே சிவப்புக் கொடி காட்டி பந்தயத்தை நிறுத்தினார்கள். டிராக்கிலேயே இருந்த ஆம்புலன்ஸில் மருத்துவமனைக்குக் கொண்டுபோனார்கள். காப்பாற்ற முடியவில்லை. தலையில் பலத்த அடி. அவருக்கு 13 வயது பிறந்து பத்தே நாள் ஆகியிருந்தது.

இந்த இடத்தில் கொஞ்ச நேரம் டைப் செய்வதை நிறுத்திவிட்டேன். டிராக், டாக்டர், கொடி, கவச உடை எல்லாம் இருந்தும் இது நடந்திருக்கிறது.

உலகம் பயந்த ஆண்டு

இதற்கு இரண்டு ஆண்டுகள் முன்பு, 2021-ல், ஐரோப்பாவில் ஐந்தே மாதத்துக்குள் மூன்று இளம் வீரர்கள் இறந்தார்கள். ஜேசன் டுபாஸ்கியே, வயது 19. ஹியூகோ மிலான், 14. டீன் பெர்டா வின்யாலெஸ், 15. மூவருமே கீழே விழுந்த பிறகு பின்னால் வந்த பைக்கில் அடிபட்டவர்கள்.

வேகம்தான் காரணம் என்று நினைத்தேன். படித்துப் பார்த்தால் கதை வேறு. இளைஞர் பிரிவுகளில் எல்லோருக்கும் ஏறக்குறைய ஒரே சக்தியுள்ள வண்டி. யாரும் யாரையும் விட்டுத் தனியாகப் போக முடியாது. இருபது, முப்பது பேர் ஒரே கொத்தாகப் போவார்கள். நடுவில் ஒருவர் சரிந்தால் பின்னால் வருபவருக்கு ஒதுங்க நேரமும் இல்லை, இடமும் இல்லை.

அந்த ஆண்டு அக்டோபரில் உலக மோட்டார்சைக்கிள் கூட்டமைப்பான எஃப்ஐஎம் விதிகளை மாற்றியது. கிராண்ட் பிரிக்ஸ் பந்தயத்துக்கான குறைந்தபட்ச வயது 16-லிருந்து 18 ஆனது. 2023-ல் அமலுக்கு வந்தது. இளைஞர் பிரிவுகளிலும் வயது வரம்பு ஏறியது, ஒரு பந்தயத்தில் ஓடும் வண்டிகளின் எண்ணிக்கை குறைந்தது. விழும்போதே கண்ணிமைக்கும் நேரத்தில் உப்பிக்கொள்ளும் ஏர்பேக் உடை, பெரிய பந்தயங்களோடு நிற்காமல் கீழே இருக்கும் பிரிவுகளுக்கும் வந்தது.

இனி நம் தெருவுக்கு வருவோம்

கீழவாஞ்சூர் எல்லை ஊர். இந்தப் பக்கம் காரைக்கால், தாண்டினால் நாகூர். எல்லையில் பெட்ரோல் விலை மாறும், சரக்கு விலை மாறும். மோட்டார் வாகனச் சட்டம் மட்டும் மாறாது, அது மத்திய சட்டம்.

அதன்படி 18 வயது ஆகாமல் பொதுச் சாலையில் வண்டி ஓட்டக் கூடாது. 50 சிசி வரையிலான வண்டிக்கு மட்டும் 16 வயது போதும். ஆனால் கடையில் இப்போது கிடைக்கும் பெட்ரோல் ஸ்கூட்டர்கள் பெரும்பாலும் 100 சிசிக்கு மேல்.

மீறினால்? 2019-ல் சேர்த்த 199ஏ பிரிவைப் பெற்றோர் ஒருமுறை படித்துவிடுவது நல்லது. சிறுவன் செய்த குற்றத்துக்குப் பெற்றோரோ வண்டியின் உரிமையாளரோதான் குற்றவாளி. மூன்று ஆண்டு வரை சிறை, 25,000 ரூபாய் அபராதம். வண்டியின் பதிவு 12 மாதத்துக்கு ரத்து. ஓட்டிய பிள்ளைக்கு 25 வயது வரை லைசென்ஸ் கிடையாது, எல்எல்ஆர் கூட. "எனக்குத் தெரியாம எடுத்துட்டான் சார்" என்றால், தெரியாது என்பதை நீங்கள்தான் நிரூபிக்க வேண்டும். சாவியை ஒளித்து வைக்கும் சித்தப்பா, சட்டப்படியும் சரியான காரியம்தான் செய்திருக்கிறார்.

சாலையில் ரேஸ் விடுவது தனிக் குற்றம். 189-வது பிரிவில் முதல் முறைக்கு மூன்று மாதம் வரை சிறை அல்லது 5,000 ரூபாய் வரை அபராதம், அல்லது இரண்டும்.

தம்பிக்கு போன் போட்டு இதையெல்லாம் சொன்னேன். சட்டம் சொன்னபோது 'ம்' கொட்டினான். அவனை அமைதியாக்கியது வேறு. அந்தப் பனி வீடியோவில் பின்னால் வருவது இன்னொரு குட்டி வண்டி. இருங்காட்டுக்கோட்டையில் பின்னால் வருவது இன்னொரு பைக். அதையும் நிறுத்த ஒரு சிவப்புக் கொடி உண்டு. நம் ஊர் நெடுஞ்சாலையில் உனக்குப் பின்னால் வருவது துறைமுக லாரி. கொடி யார் காட்டுவது?

கொஞ்ச நேரம் பேசாமல் இருந்துவிட்டு, "சரி, கோ-கார்ட் எங்க இருக்கு?" என்றான். கோவையில் இருக்கிறது, சென்னைப் பக்கமும் இருக்கிறது, கூட்டிப் போகிறேன் என்றேன். அதற்கு முன்னால் ஒரு வேலை கொடுத்தேன். ரேஸில் ஹெல்மெட்டை இப்படித்தான் சோதிப்பார்கள்: போட்டு, பட்டையை மாட்டிக்கொண்டு, பின்பக்கம் கீழ் விளிம்பில் கை வைத்து முன்னோக்கித் தள்ள வேண்டும். கழன்று வந்தால் அந்த ஹெல்மெட் ஆகாது.

வீடியோ காலில் அப்பாவின் ஹெல்மெட்டை மாட்டிக்கொண்டு வந்து நின்றான். ஐஎஸ்ஐ முத்திரை எல்லாம் இருக்கிறது. லேசாகத் தள்ளியதுமே கண்ணை மறைத்துக்கொண்டு கையோடு வந்துவிட்டது. "அவன் தலை சின்னது, அதான்" என்று வாங்கித் தன் தலையில் மாட்டினார் சித்தப்பா. தினமும் நாகூர் போய் வரும் ஹெல்மெட் அது.

தம்பி பின்னால் போய்த் தள்ளினான். அவர் தலையிலிருந்தும் வந்துவிட்டது.